புகை நின்ன ராத்திரி

நேத்து யாங்கூன் ரூம்ல ஊதுபத்தி கொளுத்தி, பின்னால கறுப்புத் துணி கட்டி, பக்கவாட்டுல ஃப்ளாஷ் வெச்சு, அதுமேல சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிப் படம் எடுத்தேன். ஃப்ளாஷ் மின்னுறது நொடியில ஆயிரத்துல ஒரு பங்குதான். புகை சிவப்புப் பட்டு மாதிரி அப்படியே நின்னுடுச்சுங்க!

இதே ஊர்ல 1855-ல் லின்னேயஸ் டிரைப் ஷ்வேடகோன் பகோடாவைப் படம் பிடித்தார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ். வெளிச்சம் பதிய ரொம்ப நேரம் ஆகும். பகோடா பதிஞ்சது; அசையிற ஆளும் புகையும் கலைஞ்சுடும். சில படங்கள்ல மேகத்தையே நெகட்டிவ்ல கையால தீட்டினார். 1858-ல் மதுரை, தஞ்சாவூர் கோயில்களையும் எடுத்தார்.

எங்க கொள்ளுத்தாத்தா பின்னாளில் இங்கே அரிசி மூட்டை தூக்கினவர். அதுக்குள்ள கேமரா வேகமாயிடுச்சு. ஆனா அவர் பக்கம் யாரும் திருப்பலை. ஒரு படம்கூட இல்லை.

உங்க வீட்ல பழைய ரங்கூன் படம் இருந்தா பத்திரமா வைங்க.