412, 187: அந்த கிளிக் எந்த வரியில் விழுந்தது?

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவியபோது, நான் ஜாவாவில் எழுதிய ஒரு பில்லிங் புரோகிராமின் லாக் ஃபைல் கிடைத்தது. "நான் அழிச்சது ஒரு பில்லு, போனது வேற பில்லு"ன்னு புகார் வந்த சமயத்தில், டேபிளில் விழும் ஒவ்வொரு கிளிக்கையும் பதிவு செய்ய வைத்திருந்தேன். வரிக்கு வரி நேரமும் இரண்டு எண்களும் இருக்கு: 412, 187. அழிந்தது எந்த பில் என்பது மட்டும் இல்லை. ஏன் இல்லைன்னு தேடப்போய், மவுஸின் வரலாற்றுக்குள் போய்விட்டேன்.

டக்ளஸ் எங்கல்பார்ட் 1967-ல் விண்ணப்பித்து 1970-ல் பெற்ற காப்புரிமையின் தலைப்பில் மவுஸ் என்ற சொல்லே கிடையாது. 'திரைக்கான எக்ஸ்-ஒய் இடங்காட்டி' என்பதுதான் அதன் பொருள். அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். ஒன்று பக்கவாட்டு நகர்வை அளக்கும், மற்றது மேல்-கீழ் நகர்வை. அந்த இடத்தில் என்ன இருக்குன்னு அதற்குத் தெரியாது.

டேபிளின் கதை வேறு. 1979-ல் ஆப்பிள் 2-க்கு வந்த விசிகால்க்கில் மவுஸ் இல்லை. டான் பிரிக்லின் முன்மாதிரியில் கேம் பேடிலை வைத்துப் பார்த்தார். மந்தமாக இருந்ததால் அம்புக்குறி விசைகளுக்கு மாறினார். ஆப்பிள் 2-ல் இருந்ததோ இடம், வலம் என்று இரண்டே அம்புகள். மேலே கீழே போக ஸ்பேஸ் பாரைத் தட்டித் திசை மாற்ற வேண்டும். கஷ்டம்தான். ஆனா ஒரு நன்மை: நீங்கள் நிற்பது பி5 கட்டம் என்பது புரோகிராமுக்கு எப்போதும் தெரியும்.

1984-ல் மேகின்டாஷ் வந்ததும் அந்த நிச்சயம் போயிற்று. ஒவ்வொரு கிளிக்குக்கும் என்ன நடந்தது, எப்போது, எங்கே என்று ஒரு குறிப்பு புரோகிராமுக்கு வரும். 'எப்போது' விநாடியில் 60-ல் ஒரு பங்கு கணக்கில். 'எங்கே' முழு ஸ்கிரீனின் மூலையிலிருந்து. விண்டோவைக் கொஞ்சம் நகர்த்தினால் அதே கட்டத்துக்கு வேறு எண். எனவே ஸ்கிரீன் எண்ணை விண்டோ எண்ணாக்கி, ஸ்க்ரோல் செய்த தூரத்தைச் சேர்த்து, பிறகு வரியின் உயரத்தால் வகுக்கணும். ஒவ்வொரு படியிலும் வழுக்க இடம் உண்டு. விண்டோஸ் 98 பல மானிட்டர்களை அனுமதித்தபோது இன்னொரு வழுக்கல் சேர்ந்தது. முதன்மை மானிட்டருக்கு இடப்பக்கம் இன்னொன்று வைத்தால் ஸ்கிரீன் எண் மைனஸில் போகும். அதை மைனஸ் தெரியாத 16 பிட் எண்ணாகப் படித்த புரோகிராமுக்கு, -10 என்பது 65,526.

1998-ல் ஜாவாவோடு வந்த ஸ்விங், இந்த வகுத்தல் வேலையைத் தானே செய்தது. புள்ளியைக் கொடுத்தால் வரி எண்ணைத் தரும். டேபிளுக்கு வெளியே விழுந்தால் -1. அப்பாடா என்றிருந்தது. 2006 கடைசியில் வந்த ஜாவா 6, தலைப்பைக் கிளிக் செய்தால் வரிசை மாறும் வசதியைக் கொடுத்தது. அதோடு ஸ்கிரீனில் தெரியும் 10-வது வரியும் தரவில் உள்ள 10-வது வரியும் வேறு வேறு ஆயின. ஒன்றை மற்றதாக மாற்றும் கட்டளையையும் கூடவே தந்திருந்தார்கள். நான் அதை அழைக்கவில்லை. பில்லைத் தேதி வாரியாக அடுக்கிவிட்டு அழித்தவருக்கு வேறு பில் போனது அதனால்தான்.

லாக்கைப் பார்த்து இப்போது கண்டுபிடிக்க முடியுமா? வரி உயரம் 20 பிக்சல். 187-ஐ வகுத்தால் ஒன்பதும் மிச்சமும், அதாவது பத்தாவது வரி. ஆனா நான் எழுதி வைத்தது விண்டோ மூலையிலிருந்து எண்ணிய எண். மேலே மெனு இருந்தது, தலைப்பு வரி இருந்தது, எவ்வளவு ஸ்க்ரோல் ஆகியிருந்தது, எதன்படி அடுக்கியிருந்தது என்று எதுவுமே பதிவில் இல்லை.

இப்போதெல்லாம் கிளிக் விழுந்த அந்த நொடியிலேயே பில் நம்பரையும் அடுக்கியிருந்த முறையையும் சேர்த்து எழுதுகிறேன். எக்ஸ், ஒய் பக்கத்தில் சும்மா இருக்கட்டும். அந்தப் பழைய பில் எதுவென்று இனி தெரியப்போவதில்லை.