திருப்பத்தில் எழும் சத்தம்: மாறா வேக மூட்டின் வரலாறு

முன்சக்கரங்கள் இழுத்துச் செல்லும் காரை முழுவதும் ஒடித்துத் திருப்பி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது, சில வண்டிகளில் சக்கரத்தின் பக்கமிருந்து 'டக், டக், டக்' என்று ஒரு சத்தம் எழும். நேர்ச்சாலையில் அது கேட்காது. பணிமனைகளில் சி.வி. ஜாயின்ட் என்று அழைக்கப்படும் மாறா வேக மூட்டு தேய்ந்துவிட்டதன் அடையாளம் இது. இந்த மூட்டு உருவாக ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் பிடித்தன.

கோணத்தில் நிற்கும் இரு தண்டுகளில் ஒன்றின் சுழற்சியை மற்றொன்றுக்குக் கடத்துவதே தொடக்கத்திலிருந்த சிக்கல். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இதற்குச் சிலுவை வடிவ மூட்டு ஒன்றை விளக்கி எழுதினார். இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் அதைக் கார்டான் மூட்டு என்றும் சொல்வர். எளிமையும் உறுதியும் கொண்ட அந்த மூட்டுக்கு ஒரு குறை உண்டு. ஒரு தண்டு சீராகச் சுழன்றாலும், மற்றது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகமெடுத்து இருமுறை மெதுவாகும். கோணம் 30 பாகை என்றால், நிமிடத்துக்கு 500 சுற்று சுழலும் தண்டு மறுபக்கத்தில் 433க்கும் 577க்கும் இடையே ஊசலாடும்.

பின்சக்கரங்களால் உந்தப்படும் வண்டிகளுக்கு இது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. அவற்றில் தண்டின் கோணம் சிறியது. முன்சக்கரங்களுக்குத் திரும்புவது மட்டுமே வேலை. திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்று முன்சக்கரத்திடம் கேட்டபோதுதான் ஹூக் மூட்டு போதாமல் போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஓட்டுநரின் கையில் ஸ்டியரிங் உதறியது.

1920களில் இதற்கு இரு விடைகள் கிடைத்தன. பிரான்சில் ழான் ஆல்பெர் கிரெகுவாரும் பியேர் ஃபெனாயும் டிராக்டா என்ற மூட்டை உருவாக்கி, அதே பெயரில் கார்களையும் செய்தனர். 1927ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கிரெகுவார் தாமே அக்காரை ஓட்டினார். தம் மூட்டின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கைக்கு வேறு சான்று தேவையில்லை. மற்றொரு விடையை அமெரிக்காவில் ஆல்ஃபிரெட் ரெப்பா தந்தார். கிண்ணம் போன்ற வெளிப்பகுதி, அதற்குள் உருண்டையான உட்பகுதி, இரண்டிலும் வளைந்த பள்ளங்கள், அவற்றில் ஆறு எஃகுக் குண்டுகள், குண்டுகளைப் பிடித்து நிறுத்த ஒரு கூண்டு என்பது அதன் அமைப்பு. எவ்வளவு திரும்பினாலும் குண்டுகள் இரு தண்டுகளுக்கும் நடுவான தளத்திலேயே நிற்பதால் இருபுற வேகமும் ஒன்றாகவே இருக்கும். இரண்டாம் உலகப் போரின் ஜீப்புகளில் இந்த இருவகை மூட்டுகளும் பயன்பட்டன.

சாதாரணக் குடும்பங்களிடம் ரெப்பா மூட்டைக் கொண்டுசேர்த்தது 1959இல் பிரிட்டனில் வெளிவந்த மினி கார். சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில் அலெக் இசிகோனிஸ் அதை வடிவமைத்தார். சுமார் 3 மீட்டர் நீளத்துக்குள் நால்வரை உட்காரவைக்க, எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கினார். இந்தியாவில் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கர இயக்க வண்டிகள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகே முன்சக்கர இயக்கம் இங்கு பரவலானது. கூடவே இந்தச் சத்தமும் நம் மெக்கானிக்குகளுக்குப் பழகியது.

மூட்டு தேய்வதற்குப் பெரும்பாலும் காரணம் அதை மூடியிருக்கும் மலிவான ரப்பர் உறைதான். பூட் எனப்படும் அது கிழிந்தால், சுழற்சியின் வேகத்தில் கிரீஸ் வெளியே வீசப்படும். மணலும் தண்ணீரும் உள்ளே போகும். கார் அதிக நேரம் நேராகவே ஓடுவதால் பள்ளங்களின் நடுப்பகுதியே முதலில் குழிவிழும். திருப்பும்போது குண்டுகள் பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓடி அந்தக் குழியின் விளிம்புகளைத் தாண்டுகின்றன. நாம் கேட்கும் 'டக்' அதுதான். நேராகப் போகையில் வண்டி அமைதியாக இருப்பதும் இதனால்தான்.

சோதனை எளிது. காலியான மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம் மெதுவாக ஓட்ட வேண்டும். சக்கர வேகத்தோடு சேர்ந்து டக்டக் சத்தம் கூடினால் வெளிப்புற மூட்டின் மீது ஐயம் கொள்ளலாம். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருந்தால் ஐயம் உறுதியாகும். உறை மட்டும் கிழிந்து சத்தம் இன்னும் தொடங்கவில்லை என்றால், மூட்டைக் கழுவி, அதற்குரிய மாலிப்டினம் கலந்த கிரீஸ் இட்டு, புதிய உறை போட்டால் போதும். சத்தம் வந்தபின் புதுக் கிரீஸ் அடைப்பது காசுக்குக் கேடு. குழிவிழுந்த எஃகு அதனால் நிரம்பாது. மூட்டையோ முழு ஆக்ஸிலையோ மாற்றத்தான் வேண்டும்.

திருப்பத்தில் கேட்கும் எல்லாச் சத்தமும் இந்த மூட்டினுடையதல்ல. வேகத்தோடு கூடும் 'ஊம்' என்ற முனகல் வீல் பேரிங்கிலிருந்து வரும். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச்சக்கரத்தில் சாய்வதால், அப்போது முனகல் மிகுந்தால் வலப்பக்க பேரிங்கையே முதலில் பார்க்க வேண்டும். வண்டி நிற்கையிலேயே ஸ்டியரிங்கைச் சுற்றும்போது கீச்சிட்டால், பவர் ஸ்டியரிங் எண்ணெயின் அளவையும் பெல்ட்டையும் பார்க்கலாம். 'லொடக்' என்று மேடுபள்ளத்திலும் திருப்பத்திலும் கேட்பது பால் ஜாயின்ட்டாக இருக்கக்கூடும். டக்டக் என்னும் சி.வி. மூட்டு பெரும்பாலும் பல நாள் எச்சரித்த பிறகே கைவிடும். பால் ஜாயின்ட் கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். இந்தச் சத்தம் கேட்டால் வண்டியை அன்றே பணிமனையில் விட வேண்டும்.