உருகாத அரக்கு

களி கிண்டத் தெரிந்த தருமபுரிக்காரர்களுக்கு இந்தச் சமாச்சாரத்தை விளக்குவது சுலபம். வெல்லம் காய்ச்சினால் உருகும், ஆறினால் இறுகும், மறுபடி காய்ச்சினால் மறுபடி உருகும். கேழ்வரகு மாவு வெந்து களியானால் ஆனதுதான்; எத்தனை முறை சுட வைத்தாலும் மாவாகாது. அரக்கு வெல்லத்தின் ரகம். குக்கர் கைப்பிடி களியின் ரகம்.

ஆனால் அந்தக் கைப்பிடியின் கதை அரக்கில்தான் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மின்சாதனங்களுக்குக் காப்புப் பூச இந்திய அரக்கைத்தான் உலகம் நம்பியிருந்தது. மரக்கிளையில் பூச்சி சுரக்கிற பொருள். கேட்ட அளவுக்குக் கிடைக்குமா? மாற்றுத் தேடி இறங்கினார் லியோ பேக்லேண்ட், பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வேதியியலாளர். பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்தால் ஒரு பிசின் வரும் என்பதை ஜெர்மனியின் அடால்ஃப் ஃபான் பேயர் 1872-லேயே கண்டிருந்தார். குடுவையைப் பாழாக்கும் சனியன் என்று அதோடு விட்டுவிட்டார்கள். எதிலும் கரையாத அந்தப் பிடிவாதம்தான் பேக்லேண்டுக்கு வேண்டியிருந்தது. 1907-ல், நியூயார்க்கை அடுத்த யோங்கர்ஸில், சூட்டையும் அழுத்தத்தையும் ஒருசேரக் கொடுக்கும் இரும்புக் கலத்தில் அதை வேகவைத்தார். பேக்லைட் பிறந்தது. குக்கரின் கைப்பிடி ஒரு குக்கரிலேயே பிறந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இந்தப் பிசினின் இன்னொரு குணம் பின்னால்தான் கைகொடுத்தது. காற்றில்லாத கடுஞ்சூட்டில் இது உருகி வழியாது, கரியாகும். எடையில் ஏறத்தாழ பாதி கரியாகவே நிற்கும். விமானப் பாகங்களில் அதிகம் புழங்கும் எபாக்சியில் அவ்வளவு மிஞ்சாது. கார்பன் இழைகளைப் பின்னி, பிசினிலோ தாரிலோ ஊறவைத்து, கரியாக்கி, ஆவி போன துளைகளில் மறுபடி ஊற்றி, மறுபடி கரியாக்கினால் இழையும் கார்பன், அதைப் பிடித்திருப்பதும் கார்பன். பொறுமைசாலிகளின் சமையல் இது.

பாண்டவர்களுக்கு அரக்கில் மாளிகை கட்டினவன் நெருப்பை நினைத்தே கட்டினான். 1989 மே 22 அன்று ஒடிசாவின் சண்டிப்பூரிலிருந்து முதன்முதலாகக் கிளம்பிய ஏவுகணைக்கு அக்னி என்றே பெயர். வானுக்குப் போய்க் காற்றுமண்டலத்துக்குள் திரும்பும்போது அதன் மூக்கு 3000 டிகிரியை நெருங்கும் சூட்டைத் தாங்கவேண்டும். அதற்குக் கவசமானது இந்த வகைக் கார்பன் கலவைப்பொருள்.

மறுபடி குக்கருக்கு வருவோம். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். அங்கே சிப்காட்டிலும் பிரெஸ்டீஜ் குக்கர் செய்திருக்கிறார்கள். பழைய குக்கரை எடைக்குப் போட்டால் கடைக்காரர் முதலில் கைப்பிடியைத் தட்டிக் கழற்றி ஓரமாக எறிவார். அலுமினியத்துக்கு மட்டும்தான் காசு. உருக்க முடியாததை வாங்கி அவர் என்ன செய்வார்?