ஜப்பானிய மருத்துவ அறிக்கையை ஆங்கிலத்தில் பெயர்ப்பது ஏன் இவ்வளவு சிரமம்?

விடுமுறைக்கு ஜப்பான் போகிறீர்கள். போன இடத்தில் உடம்பு சரியில்லாமல் போகிறது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, மருந்து கொடுத்து, இரண்டு பக்க அறிக்கையும் தருகிறார்கள். முழுக்க ஜப்பானிய மொழி.

சிங்கப்பூர் திரும்பியதும் உங்கள் மருத்துவர் அதைப் படிக்கவேண்டும். பயணக் காப்புறுதி நிறுவனமும் கேட்கும். கைத்தொலைபேசியில் படம் பிடித்தால் செயலி சில நொடியில் ஆங்கிலத்தில் தந்துவிடும். ஆனால் அதை அப்படியே நம்பலாமா?

அந்த வாக்கியங்களில் எங்கே சிக்கல் வருகிறது என்று பார்ப்போம். தமிழ் தெரிந்திருப்பதால் பாதி விஷயம் உங்களுக்குச் சுலபமாகவே புரியும்.

வாக்கியத்தின் வரிசை

ஜப்பானிய மருத்துவக் குறிப்பு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: "காய்ச்சலை முக்கியப் புகாராகக் கொண்டு மருத்துவமனைக்கு வந்த 65 வயதுப் பெண்." மூலத்திலும் சொற்கள் இதே வரிசையில்தான் வரும். தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில் நிற்கும், விவரிப்பு பெயருக்கு முன்னால் வரும்.

ஆங்கிலத்தில் இது தலைகீழ். முதலில் பெண்ணைச் சொல்லவேண்டும், அப்புறம் அவர் வந்ததை, கடைசியில் காய்ச்சலை. ஒரு விவரிப்பு என்றால் பரவாயில்லை. நான்கைந்து அடுக்கி வந்தால், எது எதை விவரிக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்யவேண்டும்.

இதைப் பாருங்கள்: "பெருங்குடல் புற்றுநோயின் கல்லீரல் பரவலின் அகற்றத்துக்குப் பின்." நம்முடைய 'இன்' போல அங்கே 'நோ' என்ற ஒட்டு வரிசையாக வரும். இங்கே அகற்றப்பட்டது கல்லீரலுக்குப் பரவிய கட்டி. பெருங்குடல் கட்டி அகற்றப்பட்டதாக எழுதிவிட்டால், நடக்காத ஓர் அறுவைச் சிகிச்சை நோயாளியின் வரலாற்றில் சேர்ந்துவிடும்.

இன்னொன்று. கட்டி ஒன்றா, பலவா? ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் ஒருமையா பன்மையா என்று சொல்லியே ஆகவேண்டும். அந்த ஒரு வரியை வைத்து ஊகிக்கக்கூடாது. ஸ்கேன் முடிவை எடுத்துச் சரிபார்க்கவேண்டும்.

யார் செய்தது?

"அனுமதிக்கப்பட்ட பிறகு காய்ச்சல் வந்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, காய்ச்சல் தணிந்தது."

தமிழில் படிக்கும்போது குழப்பம் இல்லை. காய்ச்சல் வந்தது நோயாளிக்கு, மருந்து கொடுத்தது மருத்துவர். எழுவாய் இல்லாமலே புரிந்துகொள்கிறோம். ஜப்பானிய மொழியும் அப்படித்தான்.

ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் தேவை. அது இல்லாத இடத்தில் செயலி தானாக ஒன்றைப் போடும். சில நேரம் பெண் நோயாளி 'அவன்' ஆகிவிடுவார். சில நேரம் மருத்துவர் கொடுத்த மருந்தை நோயாளி தானே எடுத்துக்கொண்டதாக மாறிவிடும். மருந்தின் பக்கவிளைவை ஆராயும்போது இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

பழகிய சொல், வேறு பொருள்

அன்றாடப் பேச்சில் ஒரு பொருள், மருத்துவக் குறிப்பில் வேறு பொருள். இப்படிப் பல சொற்கள் உண்டு.

• மித்தோமெரு: பொதுவாக 'ஒப்புக்கொள்வது', 'ஏற்பது'. மருத்துவக் குறிப்பில் 'காணப்படுகிறது'. கல்லீரலில் கட்டி காணப்படுகிறது என்பதை 'கல்லீரலில் கட்டியை ஒப்புக்கொள்கிறார்' என்று பெயர்த்தால் எப்படி இருக்கும்?

• உத்தகாய்: சந்தேகம். 'புற்றுநோய்ச் சந்தேகம்' என்றால் புற்றுநோயாக இருக்கலாம் என்று பொருள். ஆங்கிலத்தில் 'டவுட்' என்று போட்டால் பொருள் நேர் எதிராகிவிடும். 'சஸ்பெக்ட்' என்பதுதான் சரி.

• ஹித்தேய் டெகினாய், ஹித்தேய்தெக்கி: பார்க்க ஒன்றுபோல இருக்கும். முதலாவது 'இல்லை என்று சொல்லிவிட முடியாது'. இரண்டாவது 'இருக்க வாய்ப்பு குறைவு'. இரண்டாவதை 'நெகட்டிவ்' என்று பெயர்த்தால், ஏதோ பரிசோதனை முடிவு என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். பரிசோதனை நெகட்டிவ் என்பதற்கு 'இன்சேய்' என்ற தனிச் சொல் இருக்கிறது.

• கெய்க்காய்: அன்றாடப் பேச்சில் 'லேசான', 'துள்ளலான'. மருத்துவத்தில் 'நிலைமை தேறியிருக்கிறது'. முழுக்கக் குணமாகிவிட்டது என்று பொருள் இல்லை.

ஒரே ஒலி, வேறு உறுப்பு

'கிக்கான்' என்று சொன்னால் மூச்சுக்குழாயாக இருக்கலாம், உடல் உறுப்பாக இருக்கலாம், கால அளவாகவும் இருக்கலாம். எழுத்து வேறு, ஒலி ஒன்று. கணினியில் ஒலியைத் தட்டித்தான் எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், மூலத்திலேயே தவறான எழுத்து விழுந்திருக்கலாம். இடது, வலது என்பவற்றுக்கான எழுத்துகளும் பார்க்க நெருக்கமானவை. கையெழுத்தில் இன்னும் சிரமம்.

இதில் நல்ல பக்கமும் உண்டு. நுரையீரல், அழற்சி என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் நிமோனியா. சர்க்கரை, சிறுநீர், நோய் மூன்றையும் சேர்த்தால் நீரிழிவு. எழுத்து தெரிந்தவருக்குப் பெயரே விளக்கம்.

இந்தச் சொற்களில் சில மொழிபெயர்ப்பால் பிறந்தவை. 1774-இல் சுகித்தா கெம்பாக்கு, மாயெனோ ரியோத்தாக்கு முதலியோர் டச்சு மொழியில் இருந்த உடற்கூறு நூலை ஜப்பானிய அறிஞர்களுக்காகப் பெயர்த்து 'கைத்தாய் ஷின்ஷோ' என்று வெளியிட்டார்கள். நரம்புக்குப் பொருத்தமான சொல் இல்லாததால் 'ஷின்கெய்' என்ற சொல்லை உருவாக்கினார்கள். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

மெய்ஜி காலத்தில் ஜப்பான் ஜெர்மானிய மருத்துவத்தைப் பின்பற்றியது. அதனால் ஆங்கிலம் போலத் தோன்றும் சில சொற்கள் ஜெர்மன் வழி வந்தவை. 'கருத்தே' என்பது 'கார்டு' இல்லை, நோயாளியின் மருத்துவப் பதிவேடு. 'கிப்புசு' என்பது எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டு.

எண்களில் கவனம்

பெரிய ஆபத்து சின்னச் சொற்களில்தான் இருக்கிறது.

• ஷொக்கான்: எழுத்துக்கு எழுத்து 'சாப்பாட்டு இடைவேளை'. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்று பொருள் இல்லை. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில், சாப்பிட்டுச் சுமார் 2 மணி நேரம் கழித்து. தமிழில் 'சாப்பாட்டுக்கு இடையில்' என்றாலும் இதே குழப்பம் வரும், இல்லையா?

• ஒக்கி: '1 நாள் ஒக்கி' என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆனால் '24 மணி நேரம் ஒக்கி' என்றால் தினமும். கணக்குப்படி இரண்டும் ஒன்றாகத் தோன்றும், மருந்தளவோ பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும்.

• இஜோ, மிமான்: '18 வயது இஜோ' என்பதில் 18 வயதும் அடங்கும். '18 வயது மிமான்' என்பதில் அடங்காது.

• ஆண்டு: ரெய்வா 6 என்றால் 2024. ஷோவா 60 என்றால் 1985. பிறந்த ஆண்டு மாறினால் காப்புறுதிக் கோரிக்கையே நின்றுபோகலாம்.

வலியைச் சொல்லும் சொற்கள்

தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, ஊசி குத்துவதுபோல் சுருக்சுருக்கென்று வலிக்கிறது என்று நாம் சொல்வோம். ஜப்பானியர்களும் அப்படித்தான். 'ஸூக்கிஸூக்கி' என்றால் நாடித் துடிப்போடு சேர்ந்து தெறிக்கும் வலி. 'சிக்குசிக்கு' என்றால் ஊசி குத்தும் வலி. 'ஹிரிஹிரி' என்றால் தோல் எரிச்சல். 'ஷிக்குஷிக்கு' என்றால் வயிற்றில் விடாமல் லேசாக வலிப்பது.

ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் இரட்டைச் சொற்கள் கிடையாது. 'வலி' என்று மட்டும் எழுதினால், நோயைக் கண்டுபிடிக்க உதவும் துப்பே போய்விடும்.

தொழில்முறையாளர்கள் என்ன செய்கிறார்கள்?

ஜப்பானில் ஒருவருக்கு மருந்தால் கடுமையான பாதிப்பு வந்தால், அது அந்த மருந்தை விற்கும் மற்ற நாடுகளின் அமைப்புகளுக்கும் தெரியவேண்டும். அனைத்துலக வழிகாட்டிகளின்படி, எதிர்பாராத கடுமையான பக்கவிளைவுகளை 15 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். மொழிபெயர்ப்பும் அந்த நேரத்துக்குள் முடியவேண்டும்.

அதனால் எல்லாவற்றையும் வாக்கியத்தை நம்பி விடுவதில்லை. 'மெட்ரா' என்ற மருத்துவச் சொல்தொகுப்பில் ஒவ்வொரு நோய்க்குறிக்கும் 8 இலக்கக் குறியீடு உண்டு. ஜப்பானியப் பதிப்பிலும் ஆங்கிலப் பதிப்பிலும் அதே எண்தான். 'குணமானார்', 'குணமாகி வருகிறார்' என்பதற்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. மூலத்தில் தெளிவில்லாத வரியை ஊகித்து எழுதுவதில்லை. எழுதியவரிடமே கேட்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• ஜப்பானில் இருக்கும்போதே ஆங்கிலத்தில் சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள். மருத்துவச் சான்றிதழை அங்கே 'ஷிந்தான்ஷோ' என்பார்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. 'ரியோஷூஷோ' எனப்படும் ரசீதையும் மறக்காமல் வாங்குங்கள்.

• ஜப்பான் தேசியச் சுற்றுப்பயண அமைப்பின் இணையப் பக்கத்தில், வெளிநாட்டு மொழிகளில் பேசக்கூடிய மருத்துவமனைகளின் பட்டியல் இருக்கிறது. அவசரம் என்றால் ஆம்புலன்ஸுக்கு 119.

• மருந்தின் வணிகப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளிருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். ஜப்பானில் 'கலோனால்' என்று தருவது அசெட்டமினோஃபென். இங்கே அதன் பெயர் பாராசிட்டமால், அதாவது பெனடோலில் இருப்பது. தெரியாமல் இரண்டையும் சேர்த்து எடுத்து அளவு மீறினால் கல்லீரல் பாதிக்கப்படும்.

• செயலியின் மொழிபெயர்ப்பில் ஐந்து விஷயங்களை மறுபடி பாருங்கள்: இல்லை என்ற சொல், எண்கள், இடது வலது, மருந்தின் பெயர், தேதி.

• மருத்துவரிடம் போகும்போது மொழிபெயர்ப்போடு ஜப்பானிய மூலத்தையும் கொண்டுபோங்கள். ஒரு வரியில் சந்தேகம் வந்தால் சரிபார்க்க மூலம் கையில் இருக்கவேண்டும்.