ரப்பரும் குளிரும்: பதம் எதைத் தரும், எதைத் தராது

தாதரிலிருந்து மத்திய ரயில் பாதையில் வடக்கே அடுத்த நிலையம் மாட்டுங்கா. அங்கிருந்து சற்றுத் தொலைவில் தாராவி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து பம்பாய்க்கு வந்த தமிழர் பலர் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்தனர். 1933 அக்டோபர் 1 அன்று பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறை தொடங்கப்பட்டது; 1943இல் அது மாட்டுங்கா வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. 1938 முதல் 1957 வரை அதற்குத் தலைமை வகித்தவர் சென்னையில் பிறந்த சாய வேதியியலாளர் கே. வெங்கடராமன், அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. ஒருபுறம் கைத்தொழில், மறுபுறம் ஆய்வுக்கூடம். இரண்டுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: இயற்கை தரும் பொருளை நிலைத்து நிற்கும் பொருளாக மாற்றுவது எப்படி?

தமிழில் அதற்கான சொல் 'பதம்'. ஆவாரம்பட்டையின் துவர்ப்பொருள் தோலின் புரத இழைகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிணைக்கிறது. தோல் அழுகாமல் நிற்கிறது. ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றும்போதும் நடப்பது ஏறக்குறைய இதுவே: தனித்தனியாக நழுவும் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் இடையிடையே குறுக்கிணைப்புப் பெற்று ஒரே வலையாகின்றன. ரப்பர்த் தொழிலில் இதனைக் 'க்யூரிங்' என்பர். பதம் பெற்ற பொருள் எல்லாப் பருவத்திற்கும் உரியதாகிவிட்டது என்ற நம்பிக்கையும் இச்சொல்லுடன் சேர்ந்தே வந்தது. வெப்பத்தைப் பொறுத்தவரை அந்நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. குளிரைப் பொறுத்தவரை அது பாதி உண்மை மட்டுமே. எஞ்சிய பாதியைக் கற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

1830களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரப்பர்ப் பொருள்கள் கோடையில் உருகி ஒட்டின, குளிர்காலத்தில் விறைத்தன. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தையும் வெப்பத்தையும் கொண்டு இதற்குத் தீர்வு கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843இல் காப்புரிமை பெற்றார். குட்இயரின் அமெரிக்கக் காப்புரிமை 1844ஆம் ஆண்டினது. 'வல்கனைசேஷன்' என்ற பெயரை வழங்கியவர் ஹான்காக்கின் நண்பர் வில்லியம் பிராக்கிடன். ரோமானியரின் நெருப்புக் கடவுளான வல்கனின் பெயரே அதற்கு மூலம். பெயரிலேயே நெருப்பு இருக்கிறது, குளிர் இல்லை.

குளிர் ரப்பரை இரு வழிகளில் தாக்குகிறது. முதலாவது படிகமாதல். ஒழுங்கான அமைப்புடைய சங்கிலிகள் குளிரில் அணிவகுத்து அடுக்கிக்கொள்கின்றன, பொருள் விறைக்கிறது. இயற்கை ரப்பரில் இது மிக விரைவாக நிகழ்வது சுமார் -25 டிகிரி செல்சியஸில். கந்தகப் பிணைப்புகள் இந்த அணிவகுப்பைத் தாமதப்படுத்துகின்றன. குட்இயரின் பதம் குளிர்காலத்திலும் உதவியதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது கண்ணாடி நிலைமாற்றம். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே சங்கிலியின் கண்ணிகள் அசைவதே நின்றுவிடுகிறது. ரப்பர் கண்ணாடிபோல் நொறுங்கும். இயற்கை ரப்பருக்கு அந்த எல்லை சுமார் -70 டிகிரி. எவ்வளவு திறமையாகப் பதப்படுத்தினாலும் இவ்வெல்லையைக் கீழிறக்க இயலாது. பிணைப்புகள் மிகுந்தால் அது சற்று மேலேறவே செய்யும். இன்னும் கடுங்குளிருக்கு வேண்டியது வேறு பதமன்று, வேறு சங்கிலி.

அச்சங்கிலி குளிரைத் தேடிய எவராலும் கண்டறியப்பட்டதன்று. நாட்டிங்காமில் பணியாற்றிய ஃபிரெடரிக் கிப்பிங், கீட்டோன்களை ஒத்த வாய்பாடு கொண்ட சிலிக்கான் சேர்மங்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சிலிக்கோன்' என்ற பெயரை வழங்கினார். ஒப்புமை வாய்பாட்டில் மட்டுமே, அமைப்பில் இல்லை என்பதை அவரே அறிந்திருந்தார், பெயர் நிலைத்துவிட்டது. 1937இல் வெளியான அவரது பேக்கரியன் சொற்பொழிவு, இத்துறையில் உடனடி முன்னேற்றத்திற்கு அதிக நம்பிக்கை தரவில்லை. ஆனால் அப்போதே கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் ஃபிராங்க்ளின் ஹைட் இதே சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1940இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் யூஜின் ரோக்கோ, செம்பை வினையூக்கியாகக் கொண்டு சிலிக்கானையும் மெத்தில் குளோரைடையும் நேரடியாக வினைபுரியச் செய்யும் முறையைக் கண்டார். 1943இல் டவ் கார்னிங் உருவாயிற்று. உலகப்போரின் இறுதி ஆண்டுகளில் சிலிக்கோன் ரப்பர் பயன்பாட்டிற்கு வந்தது.

ரோக்கோ முறையில் கிடைப்பது ஒரு கலவை. ரப்பருக்கு வேண்டிய டைமெத்தில்டைகுளோரோசிலேன் 70 டிகிரியில் கொதிக்கும். அதனுடன் வரும் மெத்தில்டிரைகுளோரோசிலேன் 66 டிகிரியில் கொதிக்கும். இந்த 4 டிகிரி இடைவெளியில் இரண்டையும் மிகத் தூய்மையாகப் பிரித்தாக வேண்டும். இல்லையெனில் சங்கிலி வளருமுன்பே கிளைவிட்டுக் கூழாகும். பிரித்ததை நீருடன் வினைபுரியச் செய்து, கிடைக்கும் வளையச் சேர்மங்களைத் திறந்து இணைத்தால் நீண்ட பசை உருவாகிறது. பசை மட்டும் மிக வலுவற்றது. நுண்ணிய சிலிக்காத் தூளைச் சேர்த்துப் பிசைந்தால்தான் வலிமை பன்மடங்காகும். பதப்படுத்துவது பெராக்சைடு அல்லது பிளாட்டின வினையூக்கி. அச்சிலிருந்து எடுத்த பின்னும் சில மணி நேரம் 200 டிகிரி அளவில் சூடேற்றுவது வழக்கம்; எஞ்சிய ஆவியாகும் பொருள்கள் அப்போது வெளியேறுகின்றன. கடுங்குளிருக்கான ரப்பரும் உலையில்தான் முடிவடைகிறது.

சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறி அமைந்த இச்சங்கிலியின் பிணைப்புகள் நீளமானவை, கோணங்கள் அகலமானவை; கண்ணிகள் ஏறக்குறையத் தடையின்றிச் சுழல்கின்றன. ஆகவே கண்ணாடி நிலைமாற்றம் -120 டிகிரிக்கும் கீழே போய்விடுகிறது. எனினும் முதல் வழி திறந்தே இருந்தது. மெத்தில் தொகுதிகள் மட்டுமே கொண்ட சங்கிலி மிக ஒழுங்கானது என்பதால், -40 டிகிரிக்குக் கீழே அது படிகமாகத் தொடங்குகிறது. தீர்வு எளியது: நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையிலான மெத்தில் தொகுதிகளின் இடத்தில் பருத்த ஃபீனைல் தொகுதிகளை ஒழுங்கின்றிச் செருகுவது. அணிவகுப்பு குலைகிறது; ரப்பர் -100 டிகிரி அளவிலும் நெகிழ்கிறது. ஃபீனைல் மிகுந்தால் சங்கிலியே கனத்து, கண்ணாடி எல்லை மேலேறும். அளவான ஒழுங்கின்மையே இங்கு மருந்து.

இந்த வேறுபாடுகள் வகுப்பறை நுணுக்கங்கள் அல்ல என்பதை 1986 ஜனவரி 28 காட்டியது. சேலஞ்சர் விண்கலத்தின் உந்துபொறி இணைப்புகளை அடைத்திருந்தவை சிலிக்கோன் அல்ல, ஃபுளோரோகார்பன் ரப்பர் வளையங்கள். வெப்பத்தையும் எண்ணெயையும் தாங்குவதில் சிறந்தவை. ஏவும் நேரத்தில் காற்றின் வெப்பநிலை சுமார் 2 டிகிரி. அவ்வளையங்கள் கண்ணாடியாகவில்லை, அதற்கு இன்னும் வெகுவாகக் குளிர வேண்டும். ஆனால் அழுத்தத்திலிருந்து மீண்டெழும் வேகம் குறைந்துவிட்டது. இணைப்பு விலகியபோது அதனைத் தொடர்ந்து அடைக்க வளையத்தால் இயலவில்லை. முந்தைய இரவே பொறியாளர்கள் எச்சரித்திருந்தனர். 73ஆம் வினாடியில் கலம் சிதைந்தது, எழுவர் இறந்தனர். பின்னர் இணைப்பு மாற்றி வடிவமைக்கப்பட்டது. மூன்றாவது வளையமும் சூடேற்றிகளும் சேர்க்கப்பட்டன. குறைபாடு பதத்தில் இல்லை. குளிரில் எவ்வளவு விரைவாக மீளும் என்ற கேள்விக்கு முடிவெடுத்தவர்கள் உரிய இடம் தரவில்லை.

சிலிக்கோனுக்கும் எல்லை உண்டு. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் எந்திரங்களில் திரவ ஆக்சிஜன் -183 டிகிரியிலும் திரவ ஹைட்ரஜன் -253 டிகிரியிலும் பாய்கின்றன. அங்கே எந்த ரப்பரும் ரப்பராக இருப்பதில்லை. உலோகமும் டெஃப்லான் வகைப் பொருள்களுமே அடைப்புகளாகின்றன. அவையும் எளியவை அல்ல. 2010 ஏப்ரல் 15 அன்று ஜிஎஸ்எல்வி-டி3 தோல்வியுற்றபோது, எரிபொருள் பம்பின் அடைப்புப் பகுதி ஒன்றில் ஏற்பட்ட இறுக்கம் சாத்தியமான காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 வெற்றி பெற்றது.

தோலைப் பதனிடத் தாராவிக்கு ஆட்கள் வந்த அதே திருநெல்வேலியில், ரப்பரின் பதம் செல்லாத குளிர் இன்று அன்றாட வேலையாகிவிட்டது. பதம் என்பது ஒரு பொருளின் இயல்பை நிலைநிறுத்துவது. இல்லாத இயல்பை அது உண்டாக்குவதில்லை. தோல்தொழிலாளர் இதை நன்கறிவர்: எந்தத் தோலுக்கு எந்தப் பதம் என்று பார்த்த பிறகே தொட்டியில் இறக்குவர்.