சமரசப் பத்திரம் தீர்ப்பாணை ஆகும் வழி

அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கில் சமரசப் பத்திரம் பெரும்பாலும் வக்கீல் மேசையில்தான் பிறக்கிறது. வடபாகம் அண்ணனுக்கு, தென்பாகம் தம்பிக்கு, பொதுக்கிணற்றில் நாள்விட்டு நாள் தண்ணீர் முறை. அடியில் சர்வே எண்ணும் நான்கெல்லையும். அன்றைக்கு அது வெறும் ஒப்பந்தம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆம் கட்டளை, 3-ஆம் விதி வழியாக அது கோர்ட்டுக்குள் நுழைகிறது. 1908-இல் இயற்றிய விதியில் சமரசம் எழுத்தில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘பேசி முடித்துவிட்டோம்’ என்று ஒருவர் சொல்வார், ‘பேசவே இல்லை’ என்பார் மற்றவர். வழக்குக்குள் இன்னொரு வழக்கு முளைக்கும். 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் எழுத்தையும் தரப்பினர் கையெழுத்தையும் கட்டாயமாக்கியது.

கையெழுத்து இருந்தாலும் கோர்ட் அப்படியே ஏற்றுவிடாது. சமரசம் சட்டத்துக்கு உட்பட்டதா என்று நீதிபதி பார்க்கவேண்டும். மைனருக்குப் பங்கிருந்தால் காப்பாளர் கோர்ட் அனுமதி வாங்கவேண்டும். வாங்காத சமரசம் அந்த மைனரைக் கட்டுப்படுத்தாது.

நீதிபதி பதிவுசெய்ததும் பத்திரம் தீர்ப்பாணை ஆகிறது. இனி தம்பி நிலத்தை விட மறுத்தால் அண்ணன் புது வழக்குப் போடவேண்டாம்; நிறைவேற்று மனு போதும், அமீனா வந்து சுவாதீனம் எடுத்துக் கொடுப்பார். அதற்குக் கெடு 12 ஆண்டு. பாகப்பிரிவினையின் இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கவேண்டும். ஆனால் தாள் கொடுத்த நாளிலிருந்து கெடு தொடங்காது, தீர்ப்பாணைத் தேதியிலிருந்தே தொடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் சொல்லிவிட்டது. வழக்கில் சேராத வேறு நிலத்தையும் சமரசத்தில் சேர்க்கலாம். அந்த நிலத்துக்குப் பத்திரப்பதிவு தேவைப்படும்.

இத்தனை பலம் பெற்ற தாளை மாற்றுவது கடினம். சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு இல்லை என்கிறது பிரிவு 96(3). ‘சமரசம் செல்லாது’ என்று தனி வழக்குப் போடவும் விதி 3ஏ தடை. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும், சமரசத்தைப் பதிவுசெய்த அதே கோர்ட்டில்தான் முறையிடவேண்டும். 2006-இல் புஷ்பா தேவி பகத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

நீதிபதி எழுதும் தீர்ப்பு தவறினால் மேல்கோர்ட் திருத்தும். சமரசத்தில் தீர்ப்பை எழுதுபவர்கள் நீங்களே. கையெழுத்துப் போடுமுன் சர்வே எண்ணையும் நான்கெல்லையும் வரிவரியாக விரல்வைத்துப் படித்துவிடுங்கள்.