எட்டேகால்

கம்பரின் கேலிக்கு ஔவையார் திருப்பிக் கொடுத்த வசை என்று ஒரு தனிப்பாடலைச் சொல்வார்கள். அதில் அவர் ‘லட்சணம்’ என்ற சொல்லுக்கு முன்னால் எட்டேகாலை வைக்கிறார். தமிழ் இலக்கத்தில் எட்டு ‘அ’ போல இருக்கும், கால் ‘வ’. சேர்த்தால் அவலட்சணம்.

இந்தக் கதை நடந்ததோ இல்லையோ, எனக்கு அது ஒரு வரலாற்றுச் சான்று. கேட்டவுடன் சிரிக்க வேண்டுமானால், எண்ணின் வடிவம் கண்முன் தோன்ற வேண்டும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர்களுக்குத் தோன்றியது. அவர்கள் அரைக்கால் (1/8), மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று பின்னங்களையும் மனப்பாடம் செய்தார்கள்.

காளமேகம் காஞ்சி ஏகாம்பரநாதர்மேல் பாடிய வெண்பா இதே வாய்ப்பாடுதான். முக்கால், கோலூன்றிய முதுமையின் மூன்று கால். இருமா, இருமலுக்கு முன். ஒருமா, அக்கோயிலின் ஒற்றை மாமரம். கணக்குப்போல் ஒலிக்கும், சொல்வதோ, சாவு வருமுன் இறைவனை நினை என்பது.

ரூபாயில் மாகாணி என்றால் ஓர் அணா. 1957இல் இந்தியா தசம நாணயத்துக்கு மாறியது; அணா போயிற்று. மாகாணிக்குக் கடைத்தெருவில் இருந்த வேலையும் போயிற்று. பாடல்கள் அச்சில் இருக்கின்றன. சிரிப்புக்குத்தான் உரை தேவைப்படுகிறது.

இங்கே பிறந்த என் பேத்திக்கு ஒரு தாளில் ௮, வ என்று எழுதிக் காட்டினேன். சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

“உங்கட கையெழுத்தும் எட்டேகால்தான், தாத்தா” என்றாள்.

உரை போதுமானதாக இருந்திருக்கிறது.